வலிப்புக்கு வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் எல்லாம் டாக்டர்கள் ஏன் எழுதித் தருவதில்லை?

வைகைக்கரையான்:
தங்கச்சி மகனுக்கு வலிப்பு. முதலில் ஃபெனிட்டாய்ன், அது கேட்கவில்லை என்று லெவெட்டிரசெட்டம், இப்போது குளோபசாமும் சேர்ந்தாச்சு. பையன் வகுப்பில் தூங்கி வழிகிறான். வலிப்பு மட்டும் நின்றபாடில்லை.

நான் படித்துப் புரிந்துகொண்டது இது. வலிப்பின்போது மூளையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்கிறது. செல்களுக்குள் ஆக்சிஜன் செலவு எகிறி, ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும் துகள்கள் குவிந்து, செல்லின் சவ்வையும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கின்றன. கெட்டுப்போன இடத்திலிருந்து அடுத்த வலிப்பு கிளம்புகிறது. இந்தச் சங்கிலியை அறுப்பதுதானே வைட்டமின் ஈ போன்ற ஆன்ட்டி ஆக்சிடன்ட்டின் வேலை?

வெறும் தியரி இல்லை. 1989-ல் எபிலெப்சியா என்ற வலிப்பு நோய் ஆராய்ச்சி இதழில் ஒகுன்மெக்கான், ஹ்வாங் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 24 குழந்தைகள். 12 பேருக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, மற்ற 12 பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. வைட்டமின் எடுத்தவர்களில் 10 பேருக்கு வலிப்பு நன்றாகக் குறைந்தது. போலி மாத்திரைக் குழுவில் ஒருவருக்கும் குறையவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து! எந்த வலிப்பு மாத்திரைக்கு இப்படி ஒரு ரிசல்ட் இருக்கிறது? வைட்டமின் ஈ காப்ஸ்யூலில் லாபம் இல்லை, அதனால் அமுக்கிவிட்டார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

மாத்திரைமாமா:
நான் மருந்துக்கடைக்காரன். லாபக் கணக்கை முதலில் முடிச்சிடுவோம். ஃபெனோபார்பிட்டோன் 1912-லேர்ந்து புழக்கத்துல இருக்கிற மாத்திரை, இன்னைக்கும் மலிவு. அரசு ஆஸ்பத்திரில வலிப்பு மாத்திரை இலவசமாவே கிடைக்குது. எங்க கடையில எது மேல மார்ஜின் அதிகம்னு நினைக்கிறீங்க? கல்லாவுக்குப் பக்கத்துல கண்ணில படுற மாதிரி அடுக்கி வச்சிருக்கோமே, ஒமேகா 3 மீன் எண்ணெய், மல்ட்டிவைட்டமின், மஞ்சள் சாரமான குர்குமின் டப்பா, அது மேலதான். அமுக்குறதா இருந்தா நாங்க வலிப்பு மாத்திரையைத்தான் அமுக்கணும்.

இப்ப உங்க 1989 ஆய்வு. உண்மையான ஆய்வுதான், நானும் மறுக்கலை. ஆனா கதை அங்க முடியலை. டில்லி எய்ம்ஸ்ல இதே வைட்டமின் ஈ-யை அடங்காத வலிப்புக்காரங்க 43 பேருக்கு இதே மாதிரி கண்ணைக் கட்டிக் கொடுத்துப் பார்த்து, 1994-ல அதே எபிலெப்சியா இதழ்லயே எழுதினாங்க. போலி மாத்திரைக்கும் இதுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. எங்கயும் யாரும் அமுக்கலை, அச்சடிச்சே போட்டிருக்காங்க.

அதுக்கப்புறம் 2005-ல, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடுற காக்ரேன் அமைப்புக்காக வலிப்புக்கும் வைட்டமினுக்கும் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தவங்க ரங்கநாதன், ராமரத்தினம்னு ரெண்டு பேர், நம்ம சென்னை நரம்பியல் டாக்டருங்க. எல்லா வலிப்புக்காரங்களுக்கும் வழக்கமா வைட்டமின் கொடுக்கிறதுக்கு நம்பகமான ஆதாரம் இல்லைன்னு முடிச்சிட்டாங்க.

ஆய்வகவாசி:
உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவன் என்ற முறையில் வைகைக்கரையான் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

//சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை//

43 பேரை வைத்து நடந்த சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க அந்த எண்ணிக்கை போதாது. முதல் ஆய்வில் இருந்தவர்கள் குழந்தைகள் என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆய்வகத்தில் இந்தத் தொடர்பு தெளிவாகவே தெரிகிறது. எலிக்கு கைனிக் அமிலமோ பைலோகார்பினோ கொடுத்து வலிப்பு வரவழைத்தால் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் குளுட்டாதயோன் என்ற, உடம்பே தயாரிக்கும் ஆன்ட்டி ஆக்சிடன்ட் சரிகிறது, சவ்வுக் கொழுப்பு சிதைகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் எஸ்.ஓ.டி. 2 என்ற நொதியைப் பாதியாகக் குறைத்த எலிகளுக்கு வயதாக ஆகத் தானாகவே வலிப்பு வருகிறது. ஆக, ஆக்சிஜனேற்றச் சேதம் வலிப்பின் விளைவாக மட்டுமல்ல, காரணமாகவும் இருக்கக்கூடும். காப்புரிமை வாங்க முடியாத பொருளுக்குப் பெரிய சோதனை நடத்தப் பணம் போட ஆளில்லை. அதுதான் உண்மையான சிக்கல்.

மாத்திரைமாமா:
தம்பி, எலிக்கு எப்ப வைட்டமின் கொடுத்தாங்கன்னு ஒரு வரி எழுதலையே? பெரும்பாலான சோதனைல வலிப்பு வரவழைக்கிறதுக்கு முன்னாடியே, சிலதுல நாள்கணக்கா, கொடுத்துடுறாங்க. நம்ம ஆளு எனக்கு அடுத்த மாசம் வலிப்பு நோய் ஆரம்பிக்கப் போகுதுன்னு முன்கூட்டியே கடைக்கு வர்றதில்லை. பல வருசம் வலிப்பு வந்து மூளைல தழும்பே விழுந்தப்புறம்தான் வர்றாரு. உடம்பு எடைக்கு எலிக்குப் போட்ட அளவை மனுசனுக்குக் கணக்குப் போட்டா பாதி டப்பாவை ஒரே நாள்ல முழுங்கணும்.

காப்புரிமைக் கதைக்கும் பதில் இருக்கு. வாட்டிக்குவினோன்னு ஒரு மருந்து. வைட்டமின் ஈ குடும்பத்துலேர்ந்து வந்தது, செல்லோட ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கிறதுக்குன்னே செஞ்சது. காப்புரிமையும் இருந்தது, கம்பெனிப் பணமும் இருந்தது. மைட்டோகாண்ட்ரியா கோளாறால வலிப்பு வர்ற குழந்தைகளுக்கே கொடுத்துப் பார்த்தாங்க. ஆன்ட்டி ஆக்சிடன்ட் வேலை செய்யணும்னா அங்கதான் முதல்ல செய்யணும், இல்லையா? 2023-ல முடிவு வந்துது. வலிப்பைக் குறைக்கிறதுங்கிற முதன்மை இலக்கை எட்டலை.

ஆய்வகவாசி:
ஒரு மூலக்கூறு தோற்றதை வைத்து மொத்தக் கருதுகோளையும் புதைக்கிறீர்கள். அல்சைமருக்கு எத்தனை மருந்து தோற்றது, அதற்காக ஆராய்ச்சியை மூடிவிட்டார்களா?

மாத்திரைமாமா:
ஆராய்ச்சியை யாருப்பா மூடச் சொன்னா? நல்லா பண்ணுங்க. முடிவு வர்றதுக்கு முன்னாடியே டப்பாவை விக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

பொதிகைத்தென்றல்:
இத்தனை நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வைட்டமின் என்றாலே ஏமாற்று வேலை என்கிற தொனி வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை மருந்து ஏற்றியும் நிற்கவில்லை. கடைசியில் மூளை அலைகளை இ.இ.ஜி.யில் பார்த்துக்கொண்டே ரத்த நாளம் வழியாக வைட்டமின் பி6 போட்டார்கள். நின்றது. பைரிடாக்சின், அதாவது பி6, சார்ந்த வலிப்பு என்று பெயர். 1954-லேயே விவரித்திருக்கிறார்கள், ஏ.எல்.டி.ஹெச்.7ஏ1 என்ற மரபணுவில் பழுது என்பதை 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். லைசின் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் முழுசாகச் சிதைக்க முடியாமல் பாதியில் தேங்கும் பொருள், செயல்படும் பி6-ஐப் பிடித்து முடக்கிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க பி6 கொடுக்க வேண்டும்.

அப்போது மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சங்கில் கரைத்துப் புகட்டுவேன். கசப்பில் பாதி துப்பிவிடுவாள், துப்பியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்ற பதற்றம் வேறு. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வலிப்பை நிறுத்தியது வைட்டமின்தான். அதனால் ஒரேயடியாகக் கை கழுவாதீர்கள்.

வைகைக்கரையான்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன் அக்கா. இப்படி எத்தனை குழந்தைகளுக்கு வைட்டமின் கொடுத்தாலே சரியாகியிருக்கும், யாரும் கொடுத்துப் பார்க்காமலே விட்டிருப்பார்கள்!

மாத்திரைமாமா:
அந்தம்மா சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். புதுசாப் பிறந்த குழந்தைக்கு வலிப்பு அடங்கலைன்னா பி6 கொடுத்துப் பார்க்கிறது பாடப் புத்தகத்துலயே இருக்கு, யாரும் ஒளிச்சு வைக்கலை. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின், மூளைக்குள்ள ஃபோலேட் போய்ச் சேராத நோய்க்கு ஃபோலினிக் அமிலம், இதெல்லாமும் அப்படித்தான். 1950-கள்ல அமெரிக்காவுல குழந்தைகளுக்கான ஒரு திரவப் புட்டிப்பாலைச் சூடுபண்ணிப் பதப்படுத்தினதுல பி6 அழிஞ்சு, அதைக் குடிச்ச குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்னுது. காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோநயாசிட் மாத்திரையை அளவுக்கு மீறி முழுங்கிட்டு வலிப்போட வர்றவங்களுக்கும் பி6 ஊசிதான் மாற்று மருந்து.

இத்தனையிலயும் ஒரே சங்கதிதான். அந்தச் சத்து மூளைக்குப் பத்தலை, அதனால வலிப்பு. இல்லாததைக் கொடுத்தா நிக்குது. ஆன்ட்டி ஆக்சிடன்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்க மருமகனுக்கு எந்தச் சத்தும் குறையலைன்னா கூடுதலாக் கொட்டுறதுல என்ன பிரயோசனம்? பி6-ஐயே அளவுக்கு மீறி மாசக்கணக்கா எடுத்தவங்களுக்குக் கால் மரத்து, நடை தள்ளாடிப்போனதை 1983-லயே எழுதியிருக்காங்க.

மூலிகைமணி:
ஆங்கில மருந்துக்காரர்கள் விவாதத்தில் எங்களுக்கும் இடம் உண்டா? வல்லாரையும் மஞ்சளும் நம் முன்னோர் மூளைக்குக் கொடுத்தவை. பக்கவிளைவு கிடையாது. வால்ப்ரோயேட் ஈரலைக் கெடுக்கிறது, கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்தெடுக்கிறது. அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விற்கும் மாமாவுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை மட்டும் உறுத்துகிறது.

இன்னொன்று. கஞ்சாச் செடியில் வலிப்புக்கு மருந்து இருக்கிறது என்று சொன்னவர்களைப் பைத்தியம் என்றார்கள். 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதே செடியிலிருந்து எடுத்த கன்னாபிடியோலுக்கு அனுமதி கொடுத்தது. இப்போது யார் பைத்தியம்?

ஆய்வகவாசி:
கன்னாபிடியோல் நல்ல உதாரணம். 2017-ல், டிராவெட் என்ற கடுமையான மரபணு வலிப்பு நோயுள்ள குழந்தைகள் 120 பேரிடம் நடந்த சோதனையில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆனது. போலி மருந்துக் குழுவில் 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். சரியான ஆளை, சரியான அளவை, சரியான நோயைத் தேர்ந்தெடுத்தால் செடியிலிருந்தும் மருந்து வரும்.

மாத்திரைமாமா:
வரும். சுத்தம் பண்ணி, கிலோவுக்கு இத்தனை மில்லி கிராம்னு அளந்து, போலி மருந்தோட மோதவிட்டு, ஜெயிச்சதுக்கப்புறம் வரும். அதுவும் பக்கவிளைவு இல்லாம இல்லை மணி. ஈரல் நொதியை ஏத்துது, குளோபசாம் எடுக்கிறவங்களுக்கு அதோட வீரியத்தையும் ஏத்தித் தூக்கத்துல தள்ளுது.

இப்ப அந்த மஞ்சள் மாத்திரை ஏன் உறுத்துதுன்னு சொல்றேன். குர்குமின் குடல்ல சரியா உறிஞ்சப்படாது. அதனால அதோட பைப்பரின் சேர்த்து விக்கிறாங்க, மிளகுல இருக்கிற சாரம். டப்பாவைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் பொடி எழுத்துல கருமிளகுச் சாறு 5 மில்லி கிராம், அதுல 95 சதவீதம் பைப்பரின்னு இருக்கும். இந்தப் பைப்பரின் ஃபெனிட்டாய்னோட அளவை ரத்தத்துல ஏத்துதுன்னு நம்ம நாட்டுலயே வலிப்பு நோயாளிங்க கிட்ட அளந்து பார்த்திருக்காங்க. ஃபெனிட்டாய்ன் வேற மாத்திரை மாதிரி இல்லை, ஒரு எல்லைக்கு மேல கொஞ்சம் கூடினாலே ரத்த அளவு தடதடன்னு ஏறிடும். கண்ணு ஆடும், நாக்கு குழறும், குடிச்சவன் மாதிரி நடப்பாங்க. வீட்டுல இருக்கிறவங்க நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு இன்னும் ரெண்டு மஞ்சள் மாத்திரை கொடுப்பாங்க. ரசத்துல போடுற மிளகைச் சொல்லலைப்பா, அதைச் சாப்பிடட்டும்.

ஃபோலிக் அமிலம் இதுக்கு நேரெதிர். அதிக அளவுல கொடுத்தா ஃபெனிட்டாய்ன் அளவு இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஃபோலிக் அமிலம் வேற, அதுவும் பிள்ளை பெத்துக்கப் போற பெண்களுக்கு அவசியம். நாமளா வாங்கிப் போடுறது வேற.

அப்புறம் நாட்டு மருந்துன்னு விக்கிறதைப் பத்தி. 2004-ல பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதப் பொருளைச் சோதிச்சதுல 14-ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. நம்ம ஊர்ல வலிப்புக்குன்னு விக்கிற சில மூலிகைப் பொட்டலத்துல ஃபெனோபார்பிட்டோனையே பொடிச்சுப் போட்டுக் கொடுத்த கூத்தும் நடந்திருக்கு. மூலிகையா நின்னுது வலிப்பு?

மூலிகைமணி:
கலப்படக்காரனைப் பிடித்து உள்ளே போடுங்கள். அவன் செய்ததற்கு வல்லாரை என்ன செய்யும்?

பொதிகைத்தென்றல்:
வல்லாரைத் துவையலை யாரும் தடுக்கவில்லை ஐயா. ஆனால் குழந்தைக்குச் சளி என்றால் கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் சூடு பறக்கத் தேய்க்கிறோமே, அவை இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். வலிப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் தைலப் பாட்டிலை மேல் அலமாரியில்கூட வைக்காமல் இருப்பது நல்லது.

வைகைக்கரையான்:
மஞ்சளை விடுங்கள். மீன் எண்ணெய்க்கு என்ன சொல்வீர்கள் மாமா? 2015-ல் அமெரிக்காவில் டிஜோர்ஜியோ குழுவின் ஆய்வு. 24 பேர், மருந்துக்கு அடங்காதவர்கள். தினமும் 1080 மில்லி கிராம் ஒமேகா 3 எடுத்த காலத்தில், போலி எண்ணெய் எடுத்த காலத்தைவிட வலிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. வைட்டமின் டி-யும் இருக்கிறது. 2012-ல் ஹங்கேரியில் குறைபாட்டைச் சரிசெய்ததும் வலிப்பு 40 சதவீதம் குறைந்திருக்கிறது.

மாத்திரைமாமா:
அதே 2015 ஆய்வுல இரட்டிப்பு அளவு எடுத்தப்ப என்னாச்சுன்னும் சேர்த்து எழுதணும். போலி எண்ணெயைவிட எந்த வகையிலயும் மேல் இல்லை. அதுக்கு முன்னாடி 2005-ல இங்கிலாந்துல 57 பேர்கிட்ட பார்த்தாங்க. முதல் ஆறு வாரம் குறைஞ்சுது, அப்புறம் பழைய நிலைமைக்கே போயிடுச்சு. ஹங்கேரில இருந்தது 13 பேர், போலி மாத்திரைக் குழுவே கிடையாது.

போலிக் குழு ஏன் முக்கியம்னா, வலிப்பு மாசா மாசம் ஏறி இறங்குற நோய். புதுசா ஒண்ணை நாம எப்ப ஆரம்பிக்கிறோம்? வலிப்பு ரொம்ப மோசமா இருக்கிற மாசத்துல. அடுத்த மாசம் தானாவே கொஞ்சம் இறங்கும். பேரு டப்பாவுக்குப் போயிடும்.

ஆய்வகவாசி:
வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் மாமாவுக்கு ஒரு எதிர்ப்பு. ஃபெனிட்டாய்ன், ஃபெனோபார்பிட்டோன், கார்பமசெபின் எல்லாமே உடம்பில் இருக்கும் வைட்டமின் டி-யை வேகமாகக் கரைத்துவிடும், எலும்பு மெலியும். வலிப்பு குறையுமோ இல்லையோ, இந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவருக்கு அளவைப் பார்த்துக் கொடுக்கத்தான் வேண்டும். இதைப் பல இடங்களில் பார்ப்பதே இல்லை. மருந்துக்கடைக்காரர்களும் சொல்வதில்லை.

மாத்திரைமாமா:
நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன். மத்தவங்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

சும்மா ஒரு வாசகன்:
சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று இன்னும் யாரும் எழுதவில்லையே. ஊர் முன்னேறிவிட்டது.

பொதிகைத்தென்றல்:
வைகைக்கரையான், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பையன் மூன்று மருந்தில் இருக்கிறான் என்றீர்கள். குவான், பிரோடி என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட கணக்கில், புதிதாகச் சிகிச்சைக்கு வந்த 470 பேரில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் 13 சதவீதம். மூன்றாவதில் வெறும் 1 சதவீதம். சரியான இரண்டு மருந்து, சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றாலே வலிப்புக்கான சிறப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் முறை. அனுப்பினார்களா? வலிப்பையும் மூளை அலைகளையும் ஒருசேரப் பதியும் வீடியோ இ.இ.ஜி., வலிப்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ. எல்லாம் ஆயிற்றா?

வைகைக்கரையான்:
எம்.ஆர்.ஐ. ஆரம்பத்தில் ஒருமுறை எடுத்தது. வீடியோ இ.இ.ஜி. எடுத்ததாகத் தெரியவில்லை. நான் கேட்டது காப்ஸ்யூல் பற்றி, நீங்கள் மண்டையைத் திறக்கும் பேச்சுக்கு வந்துவிட்டீர்களே.

மாத்திரைமாமா:
அந்தம்மா திறக்கச் சொல்லலை, பார்க்கச் சொல்றாங்க. பார்த்து, வலிப்பு ஒரே இடத்துலேர்ந்து கிளம்புது, அதை எடுத்தா பேச்சு, கை, கால் பாதிக்காதுன்னு தெரிஞ்சாத்தான் ஆபரேஷன் பேச்சே வரும். டில்லி எய்ம்ஸ்ல 116 பிள்ளைகளை வச்சு நடந்த சோதனை 2017-ல வந்துது. ஆபரேஷன் ஆனவங்கள்ல 77 சதவீதம் பேருக்கு ஒரு வருசத்துல வலிப்பே இல்லை. மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 7 சதவீதம். இது குறைஞ்ச கணக்கு இல்லை, நின்ன கணக்கு. ஒரு பக்கக் கை கால் பலவீனம் மாதிரி பாதிப்பும் சிலருக்கு வந்துது, அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரில 1990-கள்லேர்ந்து இந்த ஆபரேஷன் பண்றாங்க, நம்ம தென்மாவட்டத்துலேர்ந்து ராத்திரி ரயில் ஏறினா காலைல போயிடலாம்.

எனக்கு வைட்டமின் ஈ மேல கோபம் இல்லை. இன்னும் ஒரு டப்பா பார்ப்போம், இன்னும் ஒரு டப்பா பார்ப்போம்னு வருசம் ஓடுதே, அது மேலதான் கோபம். பிள்ளை வளர்ற மூளை.

பொதிகைத்தென்றல்:
சாப்பாட்டு வழியில்தான் போக வேண்டும் என்றால் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் உணவு இருக்கிறது. 1921-லிருந்து புழக்கத்தில் உள்ளது. லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்டார்கள். உணவுக் குழுவில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றக் குழுவில் 6 சதவீதம். ஆனால் லேசில்லை. இட்லி, தோசை, சோறு எல்லாம் போய், வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் முட்டையும் கிராம் கணக்கில் தராசில் நிறுத்துப் போட வேண்டும். டாக்டரும் உணவியல் நிபுணரும் கூட இருந்தால்தான். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரைகூடக் கணக்கில் வரும்.

ஆய்வகவாசி:
என் பங்குக்கு: ஆன்ட்டி ஆக்சிடன்ட் கருதுகோள் செத்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. எந்த வகை வலிப்பு, எந்த வயது, எந்தக் கட்டம் என்று பிரித்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் இதுவரை யாரும் சோதிக்கவே இல்லை. மாமா சொல்வது இன்றைய தீர்ப்பு மட்டுமே.

மாத்திரைமாமா:
பையன் மாத்திரை முழுங்குறதும் இன்னைக்குத்தானே தம்பி.

வைகைக்கரையான்:
வீடியோ இ.இ.ஜி. பற்றித் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துவைத்திருக்கிறாள். ஆனால் பையனுக்குக் கொடுத்துவரும் வைட்டமின் ஈ-யை நிறுத்தப் போவதில்லை. 400 யூனிட்தான், கெடுதல் ஒன்றுமில்லை என்று நீங்களே எங்கும் மறுக்கவில்லை.

மாத்திரைமாமா:
நிறுத்தச் சொல்லலை. டாக்டர்கிட்ட சொல்லி, சீட்டுல மத்த மாத்திரையோட அதையும் எழுதச் சொல்லுங்க. ஆபரேஷன்னு வந்தா ரத்தக் கசிவு கூடிடுமோன்னு அதைக் கட்டாயம் கேப்பாங்க. எந்தக் காரணத்துக்காகவும் ஃபெனிட்டாய்னையோ குளோபசாமையோ நீங்களா குறைச்சிடாதீங்க, திடீர்னு விட்டா வலிப்பு விடாம அடிச்சு ஐ.சி.யூ.வுல போய் நிக்கும். ஆமா, வீட்டுல மஞ்சள் டப்பா எதுவும் இல்லையே?

வைகைக்கரையான்:
ஒன்று இருக்கிறது. பின்பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன்.